தீக்குச்சி சந்தைக்கு வந்த கதை

உங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு தீப்பெட்டி இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குச்சியை உருவி, அதன் தலையைச் சுவரிலோ தரையிலோ உரசிப் பாருங்கள். பற்றாது. பெட்டியின் பக்கத்தில் பூசியிருக்கும் பழுப்பு நிறப் பட்டையில் உரசினால்தான் பற்றும். ஏன்? இந்தக் கேள்விக்கு விடை வேதியியலில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி சந்தையில் இருக்கிறது. பாடப்புத்தகம் முதற்பாதியைச் சொல்லும். இரண்டாவது பாதி, அதிலும் குறிப்பாகக் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி ஆகிய கரிசல் வட்டாரத்து மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய பகுதி, எந்தப் பாடத்திலும் வருவதில்லை. ஆகவே இங்கு எழுதுகிறேன்.

உரசினால் பற்றும் குச்சியை முதலில் கடையில் வைத்து விற்றவர் இங்கிலாந்தில் ஸ்டாக்டன் என்னும் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர். 1827-ஆம் ஆண்டு அவருடைய கணக்குப் புத்தகத்தில் அந்த விற்பனை பதிவாகியிருக்கிறது. அவர் காப்புரிமை பெறவில்லை. சிறிது காலத்துக்குள் லண்டனில் சாமுவேல் ஜோன்ஸ் என்பவர் அதே பொருளுக்கு 'லூசிபர்' என்று பெயரிட்டு விற்றார். பெயர் நிலைத்தது, வியாபாரமும் அவருக்கே போயிற்று.

வாக்கரின் குச்சி எளிதில் பற்றவில்லை. பற்றினாலும் பட்டாசு போலச் சீறியது. 1830-ஐ ஒட்டி பிரான்சில் சார்ல் சோரியா என்னும் இளைஞர் குச்சித் தலையில் வெள்ளைப் பாஸ்பரஸைச் சேர்த்தார். இப்பொழுது எங்கு உரசினாலும் பற்றியது. மக்கள் விரும்பி வாங்கினர். ஆனால் வெள்ளைப் பாஸ்பரஸ் எத்தகையது என்று அறிவீர்களா? காற்றுப் பட்டால் ஏறத்தாழ 30 அல்லது 34 டிகிரி சென்டிகிரேடிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். கோவில்பட்டிச் சித்திரை வெயிலில் உரச வேண்டிய தேவையே இல்லை! அதுமட்டுமன்று, அது கொடிய நஞ்சு. தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பு அழுகியது. பெரும்பாலும் பெண்கள், சிறுமியர். 1888-இல் லண்டன் பிரையன்ட் அண்ட் மே தொழிற்சாலையில் சுமார் 1400 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோதுதான் ஊர் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது.

இதில் வியப்பு என்னவென்றால், இந்த நோயைத் தவிர்க்கும் வழி அந்த வேலைநிறுத்தத்துக்கு 44 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

பிரித்து வைத்த தந்திரம்

1844-இல் சுவீடன் நாட்டு வேதியியலார் குஸ்தாஃப் எரிக் பாஷ் ஒரு காப்புரிமை பெற்றார். நஞ்சு இல்லாததும், சுமார் 260 டிகிரி வரை சூடாக்கினால்தான் காற்றில் பற்றுவதுமான சிவப்புப் பாஸ்பரஸைப் பயன்படுத்தினார். அதையும் குச்சித் தலையில் வைக்கவில்லை. பெட்டியின் பக்கத்தில் பூசினார். குச்சித் தலையில் இருப்பது முக்கியமாகப் பொட்டாசியம் குளோரேட்டு, கந்தகம், பசை, கண்ணாடித்தூள். குளோரேட்டு சூடுபட்டால் ஆக்சிஜனை வெளியிடும். கந்தகம் எரியும். ஆனால் இவற்றைத் தொடங்கிவைக்க ஒரு பொறி வேண்டும். அந்தப் பொறியைத் தருவது பெட்டியிலுள்ள பாஸ்பரஸ்.

நீங்கள் உரசும்போது என்ன நிகழ்கிறது? கண்ணாடித்தூளின் கூரிய முனைகள் ஒன்றையொன்று தேய்க்கின்றன. அழுத்தம் முழுவதும் சில நுண்ணிய புள்ளிகளில் விழுவதால், அங்கு மட்டும் வெப்பநிலை நொடிப்பொழுதில் பலமடங்கு உயர்கிறது. அங்கே சிவப்புப் பாஸ்பரஸின் சிறு துகள் ஒன்று வெள்ளைப் பாஸ்பரஸாக மாறிப் பற்றுகிறது. அந்தப் பொறி குளோரேட்டைச் சிதைக்க, கந்தகம் எரிய, குச்சியில் ஏறியிருக்கும் மெழுகு ஆவியாகிச் சுடரைக் கட்டைக்குக் கடத்துகிறது. இத்தனையும் ஒரு விநாடிக்குள்.

(ஒரு எச்சரிக்கை. குச்சித் தலையைச் சுரண்டி எடுத்து, பெட்டிப் பட்டையிலிருந்து சுரண்டியதோடு கலந்து பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரஸும் ஒன்றாகச் சேர்ந்தால் லேசான உராய்விலேயே வெடிக்கும். விரல்கள் போகும். கண் போகும். அவற்றைப் பிரித்து வைத்ததுதான் பாஷ் செய்த அறிவார்ந்த செயல். அதைச் சேர்த்து வைக்க நீங்கள் முனைய வேண்டாம்.)

இவ்வளவு நல்ல பொருள் விற்றதா? இல்லை. சிவப்புப் பாஸ்பரஸின் விலை மிக அதிகம். உற்பத்தி நின்றுபோயிற்று. பின்னர் இங்கிலாந்தில் ஆர்தர் ஆல்பிரைட் என்பவர் சிவப்புப் பாஸ்பரஸைப் பெருமளவில் தயாரிக்கும் முறையைக் கண்டு, 1851-இல் லண்டன் பொருட்காட்சியில் வைத்தார். சுவீடனில் யான்ஷோபிங் நகரின் லுண்ட்ஸ்ட்ரம் சகோதரர்கள் அதைக் கொண்டு பாஷின் குச்சியை மீண்டும் செய்தார்கள். 1855-இல் பாரிஸ் பொருட்காட்சியில் பரிசு பெற்றார்கள். அப்பொழுதும் விற்பனை சூடுபிடிக்கவில்லை. அலெக்சாண்டர் லாகர்மன் என்னும் பொறியாளர் 1864-இல் தீக்குச்சி செய்யும் இயந்திரத்தை அமைத்துக் கொடுத்த பிறகே விலை இறங்கியது. கண்டுபிடிப்பாளர் பெயரை மட்டும் மனப்பாடம் செய்யவைத்து நிறுத்திக்கொள்ளும் பாடமுறை எனக்கு உடன்பாடில்லை. பாஷ் இல்லாமல் குச்சி இல்லை. ஆனால் ஆல்பிரைட்டும் லாகர்மனும் இல்லாவிட்டால் அது அருங்காட்சியகத்தோடு நின்றிருக்கும்.

விலை இறங்கியும்கூட, நச்சுக்குச்சி அதைவிட மலிவாக இருந்தவரை ஏழை மக்கள் அதையே வாங்கினார்கள். 1891-இல் சால்வேஷன் ஆர்மி என்னும் சேவை அமைப்பு லண்டனில் நஞ்சில்லாத குச்சித் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கித் தொழிலாளிகளுக்குக் கூடுதல் கூலியும் கொடுத்தது. பாராட்டினார்கள். போதிய அளவு வாங்கத்தான் ஆளில்லை. பத்தாண்டில் அது மூடப்பட்டது. கடைசியில் சட்டம்தான் தீர்த்துவைத்தது. 1906-இல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சிகளைத் தடைசெய்ய ஒப்புக்கொண்டன. இந்தியாவில் 1913-இல் அதற்கான தடைச்சட்டம் வந்தது.

இரண்டு பைசா அல்ல, இரண்டு பை

அக்காலத்தில் இந்தியாவுக்குத் தீப்பெட்டி சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தது. 1922-இல் அரசாங்கம் இறக்குமதித் தீப்பெட்டிக்குக் குரோசு ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் தீர்வை விதித்தது. குரோசு என்பது 144 பெட்டி. ஒன்றரை ரூபாய் என்பது 24 அணா. அணாவுக்கு 12 பை. கணக்கிட்டால் பெட்டி ஒன்றுக்கு இரண்டு பை. இன்று இது அற்பமாகத் தோன்றும். அன்று அது தீப்பெட்டியின் விலையையே புரட்டிப்போட்ட தொகை.

தீர்வைச் சுவர் எழும்பியதும் இரண்டு விதமான ஆட்கள் உள்ளே வந்தார்கள். சுவீடன் கம்பெனி, பொருளை அனுப்புவதற்குப் பதில் தொழிற்சாலையையே அனுப்பியது. 1923-இல் தோன்றிய அந்தக் கம்பெனிதான் விம்கோ. பம்பாய் அருகே அம்பர்நாத்திலும், பின்னர் சென்னை திருவொற்றியூர் உள்படப் பல ஊர்களிலும் பெரிய இயந்திரங்களோடு ஆலை வைத்தது. (சென்னை மெட்ரோவில் 'விம்கோ நகர்' என்று ஒரு நிலையம் உண்டு. தீப்பெட்டி ஆலையின் பெயர்தான் அது.) மற்றவர்கள், சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்று தொழில் கற்று வந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும். 1920-களின் தொடக்கத்தில் நிகழ்ந்தது இது. ஒரு பக்கம் உலகத்தையே வளைத்துப் போட்ட சுவீடன் கம்பெனி. மறுபக்கம் மழை பொய்த்த ஊரிலிருந்து போன இரண்டு இளைஞர்கள். தொழில் சிவகாசியிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று பரவியது.

இயந்திரத்தோடு கை எப்படிப் போட்டியிட்டது? மூன்று காரணம் சொல்லலாம். முதலாவது பௌதிகம். அதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம், நான் அந்தப் பாடம் நடத்துகிறவன் என்பதால் மட்டுமன்று.

தீக்குச்சி ஒன்றின் மரம் ஏறத்தாழ 0.08 கிராம் எடையிருக்கும். அதில் பத்து சதவீதம் ஈரம் இருந்தால், 0.008 கிராம் நீர். 30 டிகிரியிலுள்ள ஒரு கிராம் நீரைக் கொதிநிலைக்கு உயர்த்த 70 கலோரி, ஆவியாக்க 540 கலோரி, மொத்தம் 610. ஆகவே நம் குச்சியின் ஈரத்தை விரட்ட ஏறத்தாழ 5 கலோரி வேண்டும். ஈரம் 25 சதவீதமாக இருந்தால் 12 கலோரி. குச்சி முழுவதும் எரிந்தால் 300 கலோரிக்கு மேல் வருமே, இது ஒரு பொருட்டா என்று கேட்பீர்கள். முழுவதும் எரிந்தால் அல்லவா? தலையிலுள்ள மருந்து எரிவது ஓரிரு விநாடி. அதற்குள் கழுத்துப் பகுதி காய்ந்து சூடாகிப் பற்றிவிட வேண்டும். அந்தச் சிறிய வெப்பத்தை ஈரம் திருடிக்கொண்டால் 'சர்' என்று சீறி அணைந்துபோகும். ஐப்பசி மழையில் இதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே குச்சி காய வேண்டும், மருந்துப் பசை காய வேண்டும், பெட்டி ஒட்டிய பசையும் காய வேண்டும். சுவீடனில் இதற்கு நெருப்பு மூட்டி அறையைச் சூடாக்க வேண்டும். கரிசல் காட்டில் காற்றே போதும். ஒரு கனமீட்டர் காற்றில் 20 கிராம் நீராவி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 28 டிகிரியில் அந்தக் காற்று அதிகபட்சம் 27 கிராம் வரை ஏற்கும். எனவே ஒப்பு ஈரப்பதம் 74 சதவீதம். அதே காற்று 38 டிகிரிக்குச் சூடானால் 46 கிராம் வரை ஏற்கும். ஒப்பு ஈரப்பதம் 43 சதவீதமாக இறங்கிவிடும். நீராவியின் அளவு மாறவில்லை. காற்றின் தாகம் கூடியிருக்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைத்தொடரில் ஏறும்போது குளிர்ந்து, மழையைக் கேரளத்தில் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது அழுத்தம் கூடுவதால் சூடேறி, வறண்ட காற்றாகக் கோவில்பட்டியில் வீசுகிறது. ஆனி, ஆடியில் புழுதியை வாரியடிக்கும் அந்தக் காற்றுதான். அங்கே அது பெய்த மழையில் மென்மரங்கள் வளர்கின்றன; அந்த மரத்தைத் தோல் சீவுவது போல் தகடாகச் சீவிக் குச்சியாக நறுக்கி லாரியில் அனுப்புகிறார்கள். இங்கே அதே காற்று அந்தக் குச்சியின் மேல் ஏறும் மருந்தையும் பசையையும் உலர்த்துகிறது. ஒரே காற்று மலையின் இரு புறமும் தீப்பெட்டிக்கு உழைத்திருக்கிறது!

இரண்டாவது காரணம் வரி. 1934-இல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் கலால் வரி வந்தது. காலப்போக்கில் பெரிய ஆலைக்கு ஒரு விகிதம், கையால் செய்யும் சிறிய இடங்களுக்குக் குறைந்த விகிதம் என்று ஏற்பட்டது. பெட்டி ஒன்றில் சில காசு வேறுபாடுதான். ஆனால் போட்டித் தொழிலில் அந்தச் சில காசுதான் வாழ்வும் சாவும்.

மூன்றாவது காரணம் கூலி. கரிசல் மண் ஐப்பசி, கார்த்திகை மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு பருத்தியும் சோளமும் கம்பும் தரும். அறுவடை முடிந்தால் மண் வெடித்துக் கிடக்கும், வீட்டில் வேலையில்லை. அந்தக் கைகளைத் தீப்பெட்டி ஆபீஸ் எடுத்துக்கொண்டது. கட்டை அடுக்குவது, அதாவது மருந்தில் முக்குவதற்காகக் குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்துவது, பெட்டி ஒட்டுவது, குச்சி அடைப்பது, லேபிள் ஒட்டுவது. எல்லாம் பெண்கள். அவர்களோடு, பல ஆண்டுகள், குழந்தைகளும். விடியுமுன்பே ஊருக்குள் வரும் ஆபீஸ் பஸ்ஸில் தூக்கச்சடவோடு ஏறிய பிள்ளைகளைப் பற்றி உங்கள் பாட்டிமார் சொல்லுவார்கள். 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பில் குழந்தைகளை அமர்த்துவதைத் தடைசெய்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. விம்கோவின் இயந்திரத்தைக் கை வென்றது என்று பெருமையாகச் சொல்லும்போது, அதில் பத்து வயதுக் கைகளும் இருந்தன என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அது திறமையின் கணக்கில் வராது.

படத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. எல்லாத் தீப்பெட்டியும் ஒன்றுபோலவே எரியும்போது ஒன்றை விட்டு மற்றொன்றை எதற்காக வாங்குவது? லேபிளுக்காக. படிக்கத் தெரியாதவரும் மிருகத்தின் பெயரையோ பூவின் பெயரையோ சொல்லிக் கேட்டு வாங்கலாம். இந்த லேபிளுக்காக வந்த அச்சு இயந்திரங்கள்தான் பின்னர் சிவகாசியை அச்சு நகரமாக்கின.

நாணயத்தின் குவாண்டம்

அணுவிலுள்ள எலெக்ட்ரானின் ஆற்றல் விரும்பியபடி சிறிது சிறிதாக ஏறாது, படிப்படியாகத்தான் தாவும் என்று மேல் வகுப்பில் படிப்பீர்கள். தீப்பெட்டி விலையும் அப்படித்தான். கடைக்காரரிடம் உள்ள நாணயம் எதுவோ, அதற்குத் தக்கபடிதான் விலை வைக்க முடியும். 50 காசாக இருந்தது 2007-இல் ஒரு ரூபாய் ஆயிற்று. அதன் பிறகு 14 ஆண்டு அசையவில்லை. இடையில் மூலப்பொருள் விலை ஏறாமலா இருந்தது? 2021-இல் சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ரூபாய்க்கும், மெழுகு 58-இலிருந்து 80-க்கும் ஏறியதாகத் தயாரிப்பாளர்கள் கணக்குக் காட்டினார்கள். 1.20 ரூபாய் என்றோ 1.40 ரூபாய் என்றோ விலை வைக்க வழியில்லை. ஆகவே 2021 டிசம்பர் முதல் தேதி ஒரே தாவலாக இரண்டு ரூபாய். அதற்கு ஈடாகப் பெட்டியில் 36 குச்சி இருந்தது 50 ஆயிற்று.

இரண்டு படிகளுக்கு நடுவில் பிழைத்திருக்க ஒரே வழி செலவைக் குறைப்பது, அல்லது புதிதாக எதையாவது கொண்டுவருவது. மரத்தகட்டுப் பெட்டி போய் அட்டைப்பெட்டி வந்தது. கோவில்பட்டிப் பக்கம் கட்டை அடுக்கவும் மருந்து முக்கவும் இயந்திரங்கள் வந்தன. காகிதத்தைச் சுருட்டி மெழுகில் தோய்த்துச் செய்யும் மெழுகுக்குச்சி, வெளிநாட்டுக்காக நீளக் குச்சி, பல நிறத் தலைக் குச்சி என்று வகைகளும் பெருகின. இயந்திரம் வந்ததும் பழைய வரிச் சண்டை திரும்பியது. 2017-இல் சரக்கு சேவை வரி தொடங்கியபோது கைத்தயாரிப்புக்கு 5 சதவீதம், இயந்திரத் தயாரிப்புக்கு 18 சதவீதம் என்று வைத்தார்கள். எது கை, எது இயந்திரம்? குச்சியை இயந்திரம் முக்கி, பெண்கள் அடைத்தால் அது எந்தக் கணக்கு? 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 சதவீதம் என்று ஒன்றாக்கினார்கள்.

பத்து ரூபாய்ப் போட்டியாளர்

அடுத்து வந்தது லைட்டர். வெளிநாட்டிலிருந்து வந்த, தீர்ந்ததும் தூக்கியெறியும் பிளாஸ்டிக் லைட்டர். அதன் அடிப்படையும் அழகானதே. பியூட்டேன் என்னும் வாயு சுமார் பூஜ்ஜியம் டிகிரியில் கொதிக்கும். நம் வெப்பநிலையில் மூன்று வளிமண்டல அழுத்தத்துக்குள் அடைத்தால் திரவமாகவே இருக்கும். அதற்கு மெல்லிய பிளாஸ்டிக் கூடு போதும். பொறி தருவது இரும்பும் சீரியமும் கலந்த சிறு கல். அதை 1903-இல் உருவாக்கியவர் ஆஸ்திரியாவின் ஆயர் ஃபான் வெல்ஸ்பாக். பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டும் வலைத்திரிக்கும் அவர்தான் மூலவர்.

லைட்டரில் மூன்று நான்கு கிராம் பியூட்டேன் இருக்கும். கிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ 45 கிலோஜூல் ஆற்றல். சிறு சுடர் ஒன்று விநாடிக்கு 70 ஜூல் அளவில் செலவிடும் என்று கொண்டால், மொத்தம் 2000 விநாடிக்கு மேல் எரியும். ஒவ்வொரு முறையும் இரண்டு விநாடி என்றால் சுமார் ஆயிரம் முறை. 2022 செப்டம்பரில் தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் மத்திய அமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்தில், பத்து ரூபாய் லைட்டர் ஒன்று 20 தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடிக்கிறது என்று குறிப்பிட்டார். 20 பெட்டிக்கு ஆயிரம் குச்சி. நம் பௌதிகக் கணக்கும் அதுவும் பொருந்துவதைக் கவனியுங்கள். லைட்டரில் ஒரு முறை பற்றவைக்க ஒரு காசு; குச்சியில் நான்கு காசு. லண்டனில் நடந்த அதே போட்டி. வாங்குகிறவர் காசைத்தான் பார்ப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் அந்த ஒரு காசில் சேராத செலவு ஒன்று உண்டு. ஆயிரம் குச்சி சாம்பலாகிவிடும். காலி லைட்டர் சாக்கடையில் கிடக்கும். மேலும் அந்தக் கடிதத்தின்படி இந்தத் தொழிலை நம்பியிருப்போர் ஒரு லட்சத்துக்கு மேல்; பெரும்பாலோர் பெண்கள். என் வகுப்பில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்து உட்கார்ந்திருக்கும் சிலரின் கட்டணம் அம்மா குச்சி அடைத்த கூலியிலிருந்து வருவது.

2023 ஜூன் இறுதியில் மத்திய அரசு, 20 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள லைட்டர்களை இறக்குமதி செய்யத் தடை விதித்தது. உடனே உதிரிப்பாகங்கள் தனித்தனியே வந்தன, இங்கே பூட்டிக்கொண்டார்கள். 1922-இல் எழும்பிய தீர்வைச் சுவரைச் சுவீடன் கம்பெனி தாண்டிய அதே வழி, சற்று சுருங்கிய அளவில். 2024 அக்டோபரில் உதிரிப்பாகங்களுக்கும் தடை வந்தது.

லைட்டர் குறைந்தாலும் எரிவாயு அடுப்புக்குப் பொத்தானை அழுத்தினால் பொறி தரும் துப்பாக்கி வந்துவிட்டது. மின்சார அடுப்புக்குத் தீயே வேண்டியதில்லை. வீட்டில் தீக்குச்சி கேட்கும் இடம் இப்பொழுது பூஜையறையும் மின்தடையும்தான் என்றாகி வருகிறது. கோவில்பட்டியில் தீப்பெட்டி செய்கிறவர்கள் அடுத்து எந்தப் பொருளைச் செய்வது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். உலர்ந்த காற்று, மெழுகும் பசையும் அட்டையும் பழகிய கைகள், அச்சகம், லாரி, வடநாட்டுச் சந்தைத் தொடர்பு எல்லாம் அங்கேயே இருக்கின்றன. இத்தனையையும் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று உங்களுக்கு ஏதேனும் தோன்றினால், அதன் மூலப்பொருள் விலையையும், ஒன்றைச் செய்ய ஆகும் நேரத்தையும், இன்று அந்த இடத்தில் விற்கும் பொருளின் விலையையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாஷ் முதல் இரண்டையும் எழுதியிருந்தாலே, தம் குச்சி ஏன் விற்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.